முதல் பிழை நம்முடையதாக இருக்கட்டும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



'செயற்கை நுண்ணறிவும் மனிதப் பண்பாடும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பம்பு செய்கிறவனுக்கும் பண்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று செயலாளரிடம் கேட்டேன். "ரெண்டுமே மேல ஏத்துற வேலைதானேப்பா, வந்து பேசு" என்றார். வந்துவிட்டேன்.

முதலாண்டில் ஒரு நாள். டிராயிங் ஷீட் கொடுக்க வேண்டிய கடைசி நாள். விடுதி அறையில் கண்ணாடிக்கு அடியில் டியூப் லைட்டை வைத்து, சீனியர் ஒருவரின் ஷீட்டை அப்படியே என் தாளில் இறக்கிவிட்டேன். மறுநாள் சார் அதைப் பார்த்தார். திட்டவில்லை. ஒரு இடத்தில் விரலை வைத்து, "இந்தக் கோட்டை ஏன் விட்டுவிட்டுப் போட்டிருக்கே?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. "அழகா இருக்கு. ஆனா உன்னோடது இல்ல. தப்பா இருந்தாலும் பரவாயில்ல, உன்னோடதைக் கொண்டா" என்றார். அன்று எரிச்சலாக இருந்தது. இன்று நான் சொல்ல வந்திருப்பதும் அதே வார்த்தைதான்.

கொரியா, சீனா, ஜப்பான் நாடுகளில் 'கோ' என்றொரு ஆட்டம் உண்டு. குறுக்கே 19 கோடு, நெடுக்கே 19 கோடு, கறுப்புக் கல், வெள்ளைக் கல். அவ்வளவுதான். ஆனால் அங்கே அது வெறும் விளையாட்டு அல்ல. குரு சிஷ்ய முறையில் வழிவழியாக வந்த கலை. ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து, "இங்கே ஏன் வைத்தாய்?" என்று கல் கல்லாகத் திரும்பப் பேசிப் பார்ப்பது அந்தக் கலையின் வழக்கம்.

2016 மார்ச்சில் சியோல் நகரில் லீ செடோல் என்ற மாபெரும் ஆட்டக்காரரோடு ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல் மோதியது. 4-1 என்று இயந்திரம் வென்றது. இரண்டாம் ஆட்டத்தில் அது வைத்த 37-வது கல்லைப் பார்த்து, வர்ணனை செய்த வல்லுநர்களே தவறோ என்று நினைத்தார்கள். அதுதான் வெற்றிக்கு வழி திறந்தது. நான்காம் ஆட்டத்தில் லீ செடோல் தமது 78-வது கல்லை இயந்திரம் எதிர்பாராத இடத்தில் வைத்தார். அந்த ஓர் ஆட்டத்தை அவர் வென்றார். 2019-ல், 36 வயதில், ஓய்வு பெற்றார். எவ்வளவு உழைத்தாலும் வெல்ல முடியாத ஒன்று வந்துவிட்டதை ஒரு காரணமாகச் சொன்னார். எனக்கும் இப்போது அதே 36 வயது. அதனால்தானோ என்னவோ, அந்தச் செய்தி மனதை விட்டுப் போகவில்லை.

சரி, அதோடு அந்தக் கலை செத்துப்போனதா? இல்லை. 1950 முதல் 2021 வரை தொழில்முறை ஆட்டக்காரர்கள் வைத்த 58 லட்சத்துக்கும் அதிகமான கல்வைப்புகளை ஆராய்ந்து 2023-ல் ஓர் ஆய்வு வந்தது. இயந்திரம் வந்த பிறகு மனிதர்களின் ஆட்டம் மேம்பட்டிருக்கிறது, முன்பு யாரும் வைக்காத புதிய கல்வைப்புகளும் கூடியிருக்கின்றன என்றது அது.

"அப்புறம் என்ன, நல்லதுதானே?" என்பீர்கள். அடுத்த ஆய்வையும் கேளுங்கள். இது 2024-ல் இங்கிலாந்தில் நடந்தது. ஏறத்தாழ 300 பேரை எட்டே வாக்கியத்தில் குட்டிக் கதை எழுதச் சொன்னார்கள். சிலருக்கு மட்டும் கதைக்கான யோசனையை ஏ.ஐ. கொடுத்தது. அவர்களின் கதைகள் தனித்தனியாகப் பார்த்தால் நன்றாகவே இருந்தன. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, ஒன்றைப்போல் ஒன்று இருந்தது. தனி மனிதருக்கு லாபம், கூட்டத்துக்கு நஷ்டம். பண்பாடு என்பது கூட்டத்தின் சொத்து அல்லவா?

இரண்டுக்கும் ஏன் இந்த வித்தியாசம்? எனக்குத் தோன்றுவது இது. கோ ஆட்டக்காரர்கள் பல்லாண்டு தாங்களே ஆடித் தோற்றுக் கற்ற பிறகு இயந்திரத்திடம் போனார்கள். கதை எழுதியவர்களோ யோசிக்கும் முன்பே யோசனையை வாங்கிக்கொண்டார்கள். இயந்திரம் நமக்கு முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நம் சென்னைப் பையன் குகேஷையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில், 18 வயதில், சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று உலக சதுரங்கச் சாம்பியன் ஆனார். சதுரங்க எஞ்சின் கைப்பேசியிலேயே கிடைக்கிற காலம் இது. ஆனாலும் கிராண்ட்மாஸ்டர் ஆகும் வரை எஞ்சினைத் தொடாமல், தன் மூளையாலேயே கணக்குப் போட்டுப் பழக வைத்தார் அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா. எஞ்சின் பிறகு வந்தது.

இதையெல்லாம் சொல்கிற நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிற்சாலையில் பம்பு பழுதானால் அறிக்கை எழுத வேண்டும். முதல் பிரதியை எப்போதும் புதிதாகச் சேர்ந்த பொறியாளர்தான் எழுதுவார். நான் சிவப்பு மையால் அடிப்பேன். அப்படித்தான் எனக்கும் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டு வருடங்களாக நான் அதை விட்டுவிட்டேன். அளவீடுகளை ஏ.ஐ.யிடம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் சுத்தமான அறிக்கை வருகிறதே, பையனின் பிழையைத் திருத்த எதற்கு ஒரு மாலைப் பொழுது என்று நினைத்தேன்.

போன வருடம் வெளியூரில் ஒரு பம்பு மக்கர் செய்தது. நம் கல்லூரியில் படித்த தம்பி ஒருவரைத்தான் அனுப்பினேன். ஃபோனில், "சார், எல்லா ரீடிங்கும் எடுத்துட்டேன். என்னன்னு புரியல" என்றார். ஃபோனைப் பம்பு பக்கத்தில் வைக்கச் சொன்னேன். உள்ளே கூழாங்கல் உருளுகிற மாதிரி சத்தம். உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைந்து, நீராவிக் குமிழிகள் உடைகிற சத்தம் அது. பக்கத்திலேயே நின்றவருக்கு அது காதில் விழுந்தது, ஆனால் என்னவென்று தெரியவில்லை. எப்படித் தெரியும்? யாரும் சொல்லித் தரவில்லையே! தப்பு அந்தத் தம்பி மேல் இல்லை. முழுக்க என் மேல்தான். எனக்கு இரண்டு பேர் கைமாற்றிக் கொடுத்ததை நான் அடுத்தவருக்குக் கொடுக்காமல் நிறுத்திவிட்டேன். பண்பாடு அறுந்துபோவது இப்படித்தான். அது பெரிய யுத்தத்தில் அழிவதில்லை. ஒரு மாலை நேரத்தை மிச்சம் பிடிப்பதில் போய்விடுகிறது.

இப்போது பழைய வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். முதல் பிரதி அவர்கள் கையால். அதன் பிறகு ஏ.ஐ.யிடம் காட்டலாம். இரண்டையும் மேஜையில் வைத்து, எங்கே ஏன் மாறுபடுகிறது என்று சேர்ந்து பேசுகிறோம். நேரம் ஆகிறது, உண்மைதான். சில நாள் இயந்திரம் என்னையே திருத்துகிறது, அதுவும் நல்லதுதான்.

தம்பி தங்கையரே, ஏ.ஐ.யைத் தொடாதே என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கமாட்டீர்கள்! முதல் கோட்டை நீங்கள் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நாளை உங்கள் அலுவலகத்துக்கு ஒரு புதுப் பையனோ பெண்ணோ வந்து தப்பும் தவறுமாக எதையாவது நீட்டினால், "இங்கே ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்க ஒரு மாலையை ஒதுக்குங்கள்.

அந்த டிராயிங் சார் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். சார், அந்த ஷீட்டை மறுபடி நானே வரைந்து கொடுத்தேன். பத்துக்கு நாலு மார்க் போட்டீர்கள். அந்த நாலும் என்னுடையது.