யானைக்கால் வீக்கமும் வீட்டுப் பராமரிப்பும்

மனித உடம்பில் இருவகை ஓட்டங்கள் உள. ஒன்று குருதியோட்டம், அதனை அறியாதார் இலர். மற்றையது நிணநீரோட்டம், அது கெட்டாலன்றி அதன் இருப்பே எவருக்கும் தெரிவதில்லை. குருதிக் குழாய்களிலிருந்து தசையிடையே கசியும் நீரைத் திரட்டி, மீண்டும் நெஞ்சருகேயுள்ள பெருநாளத்திற் கொண்டு சேர்ப்பது நிணநீர்க் குழாய்களின் தொழில். குருதியைத் தள்ளுவதற்கு இருதயம் இருக்கின்றது. நிணநீருக்கு அத்தகைய தனிப்பொறி இல்லை. குழாய்ச் சுவரின் மெல்லிய சுருக்கமும், தசைகளின் அசைவும், மூச்சின் ஏற்ற இறக்கமுமே அதனை மேலே செலுத்துகின்றன. இவ்வழி பழுதுபட்டால் நீர் தேங்கும். தேங்கிய இடம் வீங்கும். யானைக்கால் என்னும் கொடிய பெயரைப் பெற்ற நோயின் உட்பொருள் இதுவே.

கொழும்பிலே இவ்வழியைக் கெடுத்தது மெல்லிய நூல் போன்றதொரு புழு. நிணநீர்க் குழாய்களுள்ளே குடியிருந்து அவற்றை விரித்துப் பாழ்படுத்தும் இப்புழுவை ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குக் கொண்டு செல்வது நுளம்பு. நுளம்பின் பங்கினை 1877 ஆம் ஆண்டிற் சீனத்து ஆமோய் நகரிலே கண்டறிந்தவர் பற்றிக் மான்சன் என்னும் வைத்தியர். புழுவின் குஞ்சுகள் நள்ளிரவை அண்டிய வேளையிலேயே குருதியில் மிகுதியாக உலாவும். அதனாலேதான் சுகாதார ஊழியர் இரவு வேளையில் வீடு வீடாகச் சென்று விரல்நுனியிற் குருதி எடுத்தனர். இந்நுளம்பு அழுக்கு நீரில் வளர்வது. வெள்ளவத்தையிற் கடலோடு கலக்கும் கால்வாயும், கொட்டாஞ்சேனையின் நெருக்கமான ஒழுங்கைகளில் அடைபட்டுக் கிடக்கும் கழிவுநீர்க் கான்களும் அதற்கு ஏற்ற இடங்கள்.

இலங்கையில் இதற்கெதிரான இயக்கம் 1947 ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. 2002 முதல் 2006 வரை கொழும்பு உட்பட எட்டு மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் யாவருக்கும் மருந்து வழங்கப்பட்டது. 2016 ஆம் ஆண்டில், இந்நோய் இலங்கையிற் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்தது என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இது பெருமைக்குரிய வெற்றி, ஐயமில்லை.

எனினும், நாட்டுக்குக் கிடைத்த சான்றிதழ் வீங்கிய காலை வற்றச் செய்யாது. மருந்து புழுவைக் கொல்லும். பழுதுபட்ட குழாயைப் புதுக்காது. முன்னரே நோயுற்றவர் இன்றும் அவ்வீக்கத்தோடு வாழ்கின்றனர். சேலையின் கீழே காலை மறைத்துக்கொண்டு, கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் செல்லாது ஒதுங்கியிருப்போர் உளர். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அவர்களுக்கு எவரோ சொல்லியிருப்பர். அச்சொல் தவறானது.

வீக்கம் ஆண்டுக்காண்டு பெருப்பதற்குப் புழு மாத்திரம் காரணமன்று. விரலிடுக்குப் புண், நகக்கீறல், பித்தவெடிப்பு ஆகிய சிறு வாயில்களால் வேறு கிருமிகள் உட்புகுகின்றன. நிணநீர் தேங்கிய காலில் அவற்றை எதிர்க்கும் ஆற்றல் குறைவு. உடனே குளிரும் காய்ச்சலும் காணும். கால் சிவந்து கொதிக்கும். ஒவ்வொரு முறை இவ்வாறு நேரும்போதும் இன்னும் சில குழாய்கள் அழியும். வீக்கம் ஒருபடி ஏறும். பிரேசில் நாட்டின் ரெசீஃபே நகரிலே ஜெருசா டிரையர் என்னும் வைத்தியரும் அவரோடு பணியாற்றியோரும் இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டினர். அவர்கள் கற்பித்த வைத்தியம் யாதெனின், சவர்க்காரமும் நீரும் பொறுமையுமே.

நாள்தோறும் காலை முழங்காலிலிருந்து விரல்நுனி வரை சவர்க்காரமிட்டு மெதுவாகக் கழுவுதல் வேண்டும். மடிப்புகளையும் விரலிடைகளையும் தவறவிடலாகாது. தேய்த்துப் புண்ணாக்கவும் கூடாது. கழுவுதலினும் முக்கியமானது ஈரம் உலர்த்துதல். கொழும்பின் வெக்கையில், விரலிடையே ஈரம் தங்கினால் ஓரிரு நாளிலேயே தோல் வெளுத்து வெடிக்கும். மென்மையான சீலைத்துண்டினால் ஒற்றியெடுத்து, புண் இருப்பின் வைத்தியர் தந்த களிம்பைப் பூசுதல் நன்று. ஆடிவேல் விழாவிலே வெறுங்காலோடு நடந்து வந்தவரும், மாரிகாலத்திலே தெருவெள்ளத்தில் இறங்கியவரும் வீடு திரும்பியவுடன் இதனைச் செய்தல் வேண்டும். மற்றைய நேரங்களிற் காலை இறுக்காத செருப்பு அவசியம்.

அடுத்தது காலை உயர்த்தி வைத்தல். இருக்கும்போது ஒரு முக்காலியின் மேலும், உறங்கும்போது மெத்தையின் கீழே மடித்திட்ட போர்வையின் மேலும் காலை வைக்கலாம். இருதய நோயாளர் வைத்தியரைக் கேட்டே இதனைச் செய்தல் வேண்டும். மூன்றாவது அசைவு. கணுக்காலை மேலும் கீழும் அசைத்தலும், குதிகாலை உயர்த்தி இறக்குதலும், மாலையிற் கடற்கரையோரம் மெல்ல நடத்தலும் இல்லாத பொறிக்கு ஈடாக நின்று நிணநீரை மேலேற்றும். நான்காவது கட்டுப்போடுதல். பயிற்சி பெற்றவர் காட்டிய முறைப்படி கட்டினாலன்றி அது நன்மையினும் தீமையே செய்யும். வீக்கம் குறைந்திருக்கும் விடியற்காலையே கட்டுவதற்கு உகந்த நேரம். காய்ச்சலும் கொதிப்பும் உள்ள நாட்களில் உடற்பயிற்சியையும் கட்டையும் நிறுத்தி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். சூடான எண்ணெயிட்டு அழுத்தி உருவுதலும், சிறுநீர் பெருக்கும் குளிசைகளைத் தாமாகவே வாங்கி விழுங்குதலும் பயன் தரா.

நீண்டகால வீக்கத்தில் நீர் மாத்திரம் இருப்பதில்லை. தேங்கிய நிணநீர் இருந்த இடத்திற் காலப்போக்கிற் கொழுப்பும் நாரும் படிகின்றன. கட்டினாலும் உயர்த்தினாலும் அவை கரையா. மெல்லிய குழாயைத் தோலின் கீழ்ச் செலுத்திக் கொழுப்பை உறிஞ்சும் சத்திரசிகிச்சையை, மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சையின் பின்னர் கைவீங்கிய பெண்களுக்குப் பயன்படுத்தி நற்பயன் கண்டவர் சுவீடனின் மால்மோ நகரத்து வைத்தியர் ஹோகன் புரோர்சன். ஆயினும் அவர் கண்ட மற்றோர் உண்மையே கவனத்துக்குரியது. சத்திரசிகிச்சையின் பின்னர் இறுக்கமான உறையை இரவும் பகலும் அணிந்தவர்க்கே கை மெலிந்தபடி நின்றது. உறையைக் கழற்றியபோது வீக்கம் திரும்பிற்று.

அழகின் பொருட்டு இச்சத்திரசிகிச்சையைச் செய்துகொள்வோர்க்கும் இப்பாடம் ஓரளவு பொருந்தும். அவர்களிடம் நிணநீர் வழி நிலையாக அழியவில்லை. சிறு குழாய்கள் காயமுற்றிருக்கின்றன. ஆகவே முதற் சில நாட்கள் வீக்கம் மிகும். பின் வாரக்கணக்கிற் படிப்படியாக வடியும். முற்றும் வடியச் சில மாதங்களும் செல்லலாம். இதனை அறியாதார், பணம் வீணாயிற்றே என்று கலங்குவர். வெக்கை தாங்காது உறையைக் கழற்றி எறிவர். வைத்தியர் குறித்த காலம் வரை அதனை அணிதலும், மாற்றி அணிய இன்னொன்று வைத்திருத்தலும், முதல் நாளிலிருந்தே வீட்டினுள் மெல்ல நடத்தலும் நலம். ஒரு கெண்டைக்கால் மாத்திரம் திடீரென வீங்கி நோவெடுத்தாலோ, மூச்சுத் திணறினாலோ, அது வழமையான வீக்கமன்று. குருதி உறைந்ததற்கு அறிகுறியாகலாம். அப்போது உறவினர் அறிந்துவிடுவரே என்று வெட்கி ஒருமணி நேரமும் தாமதித்தல் ஆகாது.

நோயினால் வந்ததாயினும் சத்திரசிகிச்சையால் வந்ததாயினும், வீக்கத்தை வைத்தியர் தனித்து நின்று அடக்க இயலாது. அவர் வழிகாட்டலாம், நாள்தோறும் செய்ய வேண்டிய கைப்பணி வீட்டிலேயே உள்ளது. மூதாட்டி ஒருவர் தாமாகவே குனிந்து தம் விரலிடைகளைத் துடைக்க இயலாதவராக இருக்கலாம். பேரப்பிள்ளை ஒரு சட்டி நீரும் சவர்க்காரமும் கொண்டுவந்து அவர் காலடியில் அமருமாயின், பல ஆண்டுகளாகச் சேலைக்குள் மறைந்திருந்த கால் வெளிச்சத்துக்கு வரும். காய்ச்சல் வரும் நாட்கள் குறையும். அவரும் மீண்டும் படலை கடந்து கோயில் வரை நடந்துவருவார்.