வரிசையில் நிற்பவரும் அருகில் நிற்பவரும்



யார் நினைவாக இன்று செந்துறையில் கூடியிருக்கிறோமோ, அவரை நாங்கள் 'மனு ஐயா' என்றுதான் அழைத்தோம். அவர் கதையோ கவிதையோ எழுதியதில்லை. மரத்தடியில் உட்கார்ந்து சேரி சனத்துக்கு மனு எழுதிக் கொடுத்தார். காசு வாங்கமாட்டார், டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பார். மனு எழுதியவருக்கு இலக்கிய அமைப்பு ஏன் நினைவுரை நடத்துகிறது என்று சென்ற ஆண்டு ஒரு நண்பர் கேட்டார். ஐயா விட்டுப்போன நோட்டுகளை அவர் பார்த்ததில்லை. யார் எத்தனை மணிக்கு வந்தார், எந்தச் சன்னலில் நின்றார், என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள், எந்தத் தேதிக்கு வரச் சொன்னார்கள் என்பதுதான் அவற்றில் இருக்கிறது. கோபமாக ஒரு சொல் கிடையாது. 'நாளை வா' என்பது மட்டும் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

அந்த நோட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான், பாலஸ்தீனத்தில் ஏறத்தாழ இதே வேலையைச் செய்யும் பெண்களைப் பற்றி எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேச்சு வந்தது. இன்று அவர்களைப் பற்றிப் பேசுகிறோம்.

எபிரேய மொழியில் 'மக்சோம்' என்றால் சோதனைச் சாவடி. இரண்டாவது இன்திஃபாதா எழுந்த சில மாதங்களில், 2001 தொடக்கத்தில், இஸ்ரேலியப் பெண்கள் மூவர் 'மக்சோம் வாட்ச்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். அதில் பெண்கள் மட்டுமே. பலர் ஓய்வு பெற்றவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். விடியுமுன் ஒரு அணி, பிற்பகலில் ஒரு அணி என்று சாவடிக்குப் போய் நிற்கிறார்கள். கையில் நோட்டும் போனும்தான். வரிசையில் எத்தனை பேர், எத்தனை வழி திறந்திருக்கிறது, எவ்வளவு நேரம் நிறுத்திவைத்தார்கள், யாரைத் திருப்பி அனுப்பினார்கள் என்று எழுதுகிறார்கள். எழுதியதை வெளியிடுகிறார்கள். தேவைப்பட்டால் அங்கேயே நின்று ராணுவ அதிகாரிக்குப் போன் போடுகிறார்கள்.

அங்கே எதற்கு வரிசை என்பதை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். மேற்குக்கரைப் பாலஸ்தீனர் இஸ்ரேலுக்குள் கூலி வேலைக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். 1972-இல் பொதுவாக ஒரு அனுமதி தந்திருந்தார்கள். 1991-இல் அதை ரத்து செய்து, ஆளுக்கு ஆள் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும் என்றாக்கினார்கள். கைரேகை பதிந்த காந்த அட்டையும் வேண்டும். பல ஆண்டுகள் அந்தச் சீட்டு முதலாளியின் பெயரோடு கட்டிப்போடப்பட்டிருந்தது. அவன் நிறுத்தினால் சீட்டும் போச்சு. 'பாதுகாப்புக் காரணம்' என்று மறுத்தால், என்ன காரணம் என்று கேட்டவருக்குத் தெரியாது. பெத்லகேமின் முந்நூறாம் எண் சாவடியில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் காலை மூன்று, நான்கு மணிக்கே வந்து கம்பிக்கூண்டு வழியில் நெருக்கியடித்து நிற்பார்கள். பல சாவடிகள் இஸ்ரேல் எல்லையிலும் இல்லை. நப்லுஸ் நகரத்தின் தெற்கு வாசலில் இருந்த ஹுவாரா சாவடி, ஒரு பாலஸ்தீன ஊரிலிருந்து இன்னொரு பாலஸ்தீன ஊருக்குப் போகிறவரை நிறுத்தியது. நம் ஊரில் பொதுத்தெருவைத் தாண்டித்தான் சுடுகாட்டுக்குப் போக முடியும் என்றிருக்கும் சேரிக்காரருக்கு இதைப் புரியவைக்க வரைபடம் தேவையில்லை.

அனுமதி அலுவலகங்களிலும் அந்தப் பெண்கள் நின்றார்கள். காரணம் சொல்லாமல் மறுக்கப்பட்டவர்களுக்கு மேல்முறையீட்டுத் தாள்களை நிரப்பிக் கொடுத்தார்கள். இங்கேதான் எங்களுக்கு மனு ஐயா ஞாபகம் வந்தார்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஐயா சேரியில் பிறந்தவர். அந்தப் பெண்களோ சாவடி போட்ட நாட்டின் குடிமக்கள். துப்பாக்கி பிடித்து நிற்கும் பையன் அவர்களில் ஒருத்தியின் பேரனாகவும் இருக்கலாம். தென்னாப்பிரிக்காவிலும் இப்படி நடந்திருக்கிறது. 1955-இல் தொடங்கிய 'பிளாக் சாஷ்' அமைப்பின் வெள்ளைக்காரப் பெண்கள், பாஸ் சட்டத்தில் மாட்டிய கறுப்பின மக்களுக்காக ஆலோசனை அலுவலகம் நடத்தினார்கள். நம் பக்கம் இதைத் தேடிப் பார்த்தோம். டீக்கடையில் தனி டம்ளர் இருந்த காலத்தில், ஊர்த்தெருப் பெண் ஒருத்தி நோட்டோடு வந்து நின்று எழுதியதாக எங்களில் யாருக்கும் நினைவில்லை. இருந்திருந்தால் சொல்லுங்கள், மகிழ்ச்சியோடு திருத்திக்கொள்கிறோம்.

நமக்கு உண்மை அறியும் குழுக்கள் உண்டு. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பொன்பரப்பி. 2019 ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நாளில் அங்கே தலித் வீடுகள் நொறுக்கப்பட்டன. குழுக்கள் வந்தன, கேட்டன, எழுதின, போயின. அது தேவை. ஆனால் அடி விழுந்த பிறகு வருவது வேறு, ஒன்றும் நடக்காத நாளில் நிற்பது வேறு. ஒன்றும் நடக்காத நாள் என்று எதைச் சொல்கிறோம்? மூன்று மணிநேரம் நின்றுவிட்டு, சீட்டு கிடைக்காமல், ஒருநாள் கூலியையும் விட்டு ஒருத்தர் வீடு திரும்பும் நாளைத்தான். அது செய்தியாகாது. வழக்காகாது. யாரும் குழு போடமாட்டார்கள்.

உத்தப்புரத்தை நினைத்துப் பாருங்கள். சுவர் எழுந்தது 1989-இல். உடைந்தது 2008 மே 6-ஆம் தேதி, அதுவும் ஒரு பகுதி. இடையில் ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகள் மக்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். தீண்டாமை ஒழிப்பு முன்னணித் தோழர்கள் கேள்வித்தாளோடு ஊர் ஊராகக் கணக்கெடுக்கப் போனபோதுதான் அது வெளியுலகத்துக்குச் சுவராகத் தெரிந்தது.

சன்னல் உயிரையும் வாங்கும். 2022 அக்டோபரில், மகனுக்குப் பழங்குடிச் சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்று ஒரு தகப்பன் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் தீக்குளித்து இறந்தார். அன்றைக்கு எல்லோரும் எழுதினோம். அதற்கு முன்னால் அவர் அலைந்த நாட்களில் பக்கத்தில் நின்று எழுத எங்களில் ஒருவரும் இல்லை.

இனி எங்கள் கதை. கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்கிறோம். ஒரு அலுவலகத்துக்கு, எது என்று வேண்டாம், கல்லூரியில் சேர வேண்டிய ஒரு பையனின் சான்றிதழுக்காக நாங்கள் நான்கு பேர் போனோம். அவன் மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டவன். நாங்கள் நோட்டைத் திறந்து மணி எழுதியதும் நாற்காலி வந்தது, தண்ணீர் வந்தது, மதியத்துக்குள் கையெழுத்தும் வந்தது. வென்றுவிட்டோம் என்று வெளியே வந்தோம். வராந்தாவில் முதியோர் உதவித்தொகைக்கு வந்திருந்த ஒரு கிழவி எங்களைப் பார்த்துக் கேட்டார்: "அந்தப் புள்ளைக்கு நீங்க வந்தீங்க. எனக்கு யாரு சாமி வருவா?" அவருக்கும் அன்று 'நாளை வா'தான். எங்களைக் கவனித்த நேரத்தில் அவருடைய வரிசை இன்னும் மெதுவாக நகர்ந்திருக்கும் என்பது பஸ்ஸில்தான் உறைத்தது.

இந்தச் சங்கடம் மக்சோம் வாட்ச் பெண்களுக்கும் இருந்தது. அவர்கள் நிற்கும்போது சிப்பாய் கொஞ்சம் மரியாதையாக நடந்தால், சாவடி சகிக்கத்தக்கதாகிவிடுகிறதா? ஒருவருக்காகப் போன் போட்டுக் கெஞ்சினால், அனுமதி தரும் அதிகாரத்தையே ஒப்புக்கொண்டதாகிவிடாதா? தொடங்கியவர்களில் ஒருவரான யெஹுதித் கேஷெட் 2006-இல் வெளியிட்ட நூலில் இந்தத் தடுமாற்றங்களையும் பேசுகிறார். எங்கள் கூட்டத்திலும் இதே சண்டை வந்தது. ஒருவருக்கும் சிபாரிசு கூடாது, எழுதினால் போதும் என்று பாதிப்பேர். பசியோடு நிற்பவரிடம் நோட்டைக் காட்டி என்ன பயன் என்று மீதிப்பேர். இரண்டாவது கட்சி சொல்வதில் புரோக்கராகும் ஆபத்து இருக்கிறது. முதல் கட்சி சொல்வதில் ஈரம் போதவில்லை. எங்களுக்கு இன்னும் தீரவில்லை.

பார்ப்பதை அதிகாரம் அற்பமாக நினைப்பதில்லை என்பது மட்டும் தெரிகிறது. 2023 அக்டோபருக்குப் பிறகு மேற்குக்கரைத் தொழிலாளர் மிகப் பெரும்பாலோரின் அனுமதி நிறுத்தப்பட்டது. விடியற்காலை வரிசையே இல்லாமல் போனது. காஸாவுக்குள் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் சுதந்திரமாகப் போக இஸ்ரேல் தடை போட்டது. அவ்வளவு குண்டு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு நோட்டு உறுத்துகிறது.

எனவே ஒரு சோதனை முயற்சி. வாரம் இரண்டு நாள், இரண்டிரண்டு பேராக, அலுவலகம் திறப்பதற்கு முன்பே போய் நிற்போம். கேட்டால் மனு எழுதிக் கொடுப்போம், வரிசையைத் தாண்டி யாரையும் உள்ளே அழைத்துப் போகமாட்டோம். வந்தவர் பெயரை எழுதமாட்டோம். நாளைக்கும் அதே அதிகாரி முன்னால்தான் அவர் போய் நிற்க வேண்டும். படம் எடுக்கமாட்டோம். காசு, கட்சிக்கொடி இரண்டும் வேண்டாம். ஊர்த்தெரு மாணவர்கள் வருவதானால் அவர்களுக்கும் இடம் உண்டு, முதல் வரிசையில் அல்ல என்றாலும்.

ஐயாவின் கடைசி நோட்டில் நாற்பது பக்கம் காலியாக இருக்கிறது. வீட்டாரிடம் கேட்டோம், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கூட்டம் முடிந்ததும் அது வாசல் மேசையில் இருக்கும். எந்தக் கிழமை வர முடியும் என்பதைப் பின்னட்டையில் எழுதிவிட்டுப் போங்கள்.