ராகேலின் அழுகையும் நத்தாரின் நம்பிக்கையும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒளிவிழாவில் ஆற்றிய உரை)



"போர்க்காலத்தில் நத்தார்" என்ற பொருளில் பேசும்படி கேட்டிருந்தீர்கள். எங்கள் சங்கத்தின் நூறு ஆண்டுகளில் கால் நூற்றாண்டுக்கு மேல் போரிலேயே கழிந்தது. அந்த ஆண்டுகளைத் தாண்டிப் போய்விட்டு நூற்றாண்டைக் கொண்டாட முடியாது.

பாடசாலை ஒளிவிழா நாடகங்கள் வழமையாகச் சாஸ்திரிகளோடு முடிந்துவிடும். பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் வைத்து வணங்கியதும் திரை விழும். மத்தேயு அங்கே நிறுத்தவில்லை. யோசேப்பு இரவோடிரவாகத் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகிறார். பெத்லகேமிலே ஏரோதின் ஆட்கள் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொல்லுகிறார்கள்.

1995ஆம் ஆண்டு நத்தாரிலே இந்தப் பகுதிக்கு ஒருவரும் எங்களுக்கு விளக்கம் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்த ஆண்டு ஜூலை 9ஆம் திகதி நவாலி தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மேல் விமானக் குண்டுகள் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் செம்மணி, நாவற்குழி வழியாக இரவிரவாகத் தென்மராட்சிக்கு நடந்தது. டிசம்பர் 25 வந்தபோது அவர்கள் பாடசாலைகளிலும் கோவில்களிலும் முன்பின் அறியாதவர்களின் விறாந்தைகளிலும் இருந்தார்கள். மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அளந்து எரித்த ஜாம் போத்தல் விளக்கே அன்று நத்தார் வெளிச்சம். சத்திரத்தில் இடமில்லை என்ற சொல்லை அதற்கு முன் எத்தனை முறை வாசித்திருந்தாலும், அதன் பொருள் அன்றுதான் விளங்கியது.

பத்து ஆண்டு கழித்து, 2005ஆம் ஆண்டு, மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்தில் நத்தார் நள்ளிரவுப் பூசை வேளையிலேயே பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் அவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார். நத்தார் இரவென்றாலும் துப்பாக்கி ஓய்ந்திருக்கும் என்று நம்ப முடியாத காலம் அது.

அப்படியானால் கிறிஸ்தவ நம்பிக்கை என்பது எது? அடுத்த நத்தாருக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொள்வதா? அப்படிச் சொல்லிச் சொல்லியே பல நத்தார்கள் போயின.

மத்தேயு இவ்விடத்தில் எரேமியா தீர்க்கதரிசியை நினைவுபடுத்துகிறார். ராமாவிலே ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதலடைய மறுக்கிறாள். அவளை ஒருவரும் அதட்டவில்லை. "எல்லாம் கடவுள் சித்தம், அழாதே" என்று அவள் வாயை மூடவில்லை. வேதாகமம் அவள் அழுகைக்கு இடங்கொடுத்து வைத்திருக்கிறது. எரேமியாவின் 31ஆம் அதிகாரத்தில் அந்த அழுகைக்கு அடுத்த வசனங்களிலேதான், பிள்ளைகள் தங்கள் எல்லைக்குத் திரும்பி வருவார்கள் என்ற வாக்கு வருகிறது. அழுகையை அழிக்காமல், அதன் பக்கத்திலேயே வாக்கு நிற்கிறது.

அடுத்த அதிகாரத்தைப் பாருங்கள். பாபிலோன் படை எருசலேமை வளைத்து நிற்கிறது. எரேமியாவோ காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் அவர் ஆனதோத்தில் ஒரு வயலை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கி, உறுதியை நெடுநாள் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லுகிறார். பகைவன் கையில் விழப்போகும் நிலத்துக்கு யார் காசு கொடுப்பார்? அந்த நிலத்தில் மீண்டும் மனிதர் வாழ்வார்கள் என்று நம்புகிறவரே கொடுப்பார்.

எங்கள் சனமும் இடம்பெயர்ந்தபோது நகையை விட்டாலும் காணி உறுதியையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் பையில் போட்டுக்கொண்டு நடந்தது. எங்கள் ஆசிரியைமார் மரநிழலில் கரும்பலகையைச் சாத்திவைத்துக் கணக்குப் படிப்பித்தார்கள். பின்னேர வகுப்புக்கு இடம் கிடைத்தால் பின்னேரம் நடத்தினார்கள். பரீட்சை நடக்குமா என்று தெரியாமலே பிள்ளைகளைப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்தினார்கள். அது எரேமியா வயல் வாங்கிய செயலுக்கு ஒப்பானது. நம்பிக்கையை அவர்கள் வாயால் போதித்ததைவிடக் கையால் செய்துகாட்டியதே அதிகம்.

போர் 2009இல் ஓய்ந்தது. ஆனாலும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார் 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் இருந்தார்கள். தெற்கிலும் 1980களின் முடிவில் பிள்ளைகளைத் தொலைத்த சிங்களத் தாய்மார் இருக்கிறார்கள். எங்கள் சங்கத்திலும் நத்தாருக்கு ஒரு கோப்பை கூடுதலாக வைத்துக் காத்திருக்கும் சகோதரிகள் இருக்கலாம். கரோல் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போகும்போது அந்த வீட்டையும் தவிர்க்காதீர்கள். பாட்டு முடிந்ததும் உடனே எழும்பாமல் சிறிது நேரம் பக்கத்தில் இருங்கள். பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். அவர் அழுதால் அழ விடுங்கள்.

இம்மானுவேல் என்றால் தேவன் நம்மோடிருக்கிறார் என்பது பொருள். இடம்பெயர்ந்த குடும்பத்தின் குழந்தையாகவே அவர் நம்மோடு இருக்க வந்தார். அந்தப் பாலகனை வணங்குகிற நாங்கள், அழுகிறவர்களோடு இருக்கக் கற்றுக்கொண்டால், எங்கள் சங்கத்தின் அடுத்த நூறு ஆண்டுகளுக்கும் அதுவே நல்ல உறுதியாக அமையும்.

பாலன் இயேசுவின் சமாதானம் உங்கள் வீடுகளில் தங்குவதாக.