துலக்கியும் நீங்காத கறை

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே விடியற்காலையில் கிணற்றடிக்குச் சென்று பல் துலக்குதல் பன்னெடுங்காலமாக வந்த ஒழுக்கமாகும். பல் துலக்குமுன் ஒரு வாய் தேநீரும் அருந்தலாகாது என்று பிள்ளைகளைப் பழக்கிய வீடுகள் அவை. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்னும் முதுமொழியை அங்கே சிறுவரும் அறிவர். வேப்பங்குச்சியும் உமிக்கரியும் அருகிப் பற்பசையும் தூரிகையும் பெருகிய பின்னரும் அவ்வொழுக்கம் குன்றவில்லை. ஆயினும் இத்துணைத் தூய்மை பேணும் வீடுகளிலேயே, நாள்தோறும் இருமுறை துலக்கியும் பற்களிற் படிந்த கருங்கறை நீங்காமையால் மனம் நொந்திருப்போர் உளர். சிரிக்கும்போது கையால் வாயை மறைக்கும் இளம் பெண்ணும், புகைப்படத்துக்கு நிற்கும்போது உதடுகளை இறுக மூடிக்கொள்ளும் மாணவனும் அத்தகையோரே. கறை அவர்களை வருத்துவதிலும், “ஒழுங்காகப் பல் விளக்குவதில்லையோ?” என்று பிறர் கேட்கும் கேள்வியே மிகுதியாக வருத்துகின்றது.

அக்கேள்வி பல வேளைகளில் நியாயமற்றது. கறை யாவும் அழுக்கல்ல; அழுக்கால் உண்டாகாத கறையைத் துலக்குவதனாற் போக்கவும் இயலாது. ஆதலின் கறையோடு போராடத் தொடங்குமுன் அதன் பிறப்பை அறிதல் வேண்டும்.

பல்லின் அமைப்பை நோக்கின் இவ்வுண்மை விளங்கும். பல்லின் புறத்தே கவசம்போல் அமைந்திருப்பது மிளிரி. பற்சிப்பி என்றும் அதனைக் கூறுவர். மனித உடலிலுள்ள பொருள்களுள் மிகக் கடினமானது அதுவே. அதன் நிறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 96 பங்கு கனிப்பொருளாகும். மிளிரிக்கு உள்ளே, சற்று மஞ்சள் நிறமுடையதாய் இருப்பது பன்முதல். மிளிரி ஒளியை ஓரளவு ஊடுருவ விடுவதால், பன்முதலின் மஞ்சள் நிறம் வெளியேயும் சிறிது தோன்றும். ஆகவே நல்ல பல் சங்குபோல் வெண்மையாகவே இருத்தல் வேண்டும் என்று கருதுவது பிழை. மற்றொன்றும் ஈண்டு நினைவிற் கொள்ளத் தக்கது. மிளிரியை ஆக்கும் உயிரணுக்கள், பல் ஈற்றைப் பிளந்துகொண்டு வெளிவரும்போதே அழிந்துவிடுகின்றன. தோலிற் பட்ட காயம் ஆறுவதுபோல் மிளிரியில் உண்டான தேய்வு மீண்டும் வளர்ந்து நிரம்புவதில்லை.

பற்கறையைப் புறக்கறை, அகக்கறை என இரண்டாகப் பகுக்கலாம். பல்லின் மேற்பரப்பிற் படிவது புறக்கறை. மிளிரி அல்லது பன்முதலின் உள்ளேயே அமைந்துவிடுவது அகக்கறை.

முதலிற் புறக்கறையை நோக்குவோம். பல்லைத் துலக்கி முடித்த சில நிமிடங்களுக்குள்ளேயே உமிழ்நீரிலுள்ள புரதங்கள் பல்லின்மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. இப்படலம் தீயதன்று, பல்லை அமிலத்தினின்றும் ஓரளவு காப்பது. எனினும் உணவிலும் பானத்திலுமுள்ள நிறப்பொருள்கள் பற்றிக்கொள்வதும் இப்படலத்தையே. கடுஞ்சாயத் தேநீரைப் பலமுறை அருந்துவோரின் பற்களிலே தேயிலையின் தனின் கபில நிறமாகப் படியும். சுருட்டும் சிகரெட்டும் புகைப்போரின் பற்களிலே புகையிலையின் தார் கருமையாகப் படியும். மருந்துகளும் கறைக்குக் காரணமாதல் உண்டு. இரும்புச் சத்துள்ள நீர்மருந்து பற்களைக் கருமையாக்கும். குளோரெக்சிடின் கலந்த வாய்கழுவும் மருந்தைச் சில வாரங்கள் தொடர்ந்து பயன்படுத்தினாற் கபிலக் கறை தோன்றும். ஈறு நோய்க்காக அம்மருந்தைப் பெற்ற ஒருவர், கறையைக் கண்டு அஞ்சி அதனையே மேலும் மேலும் பயன்படுத்துவாராயின் கறை மேலும் மிகும்.

சில குழந்தைகளின் பற்களில் ஈற்றின் விளிம்பை ஒட்டி மையாற் கோடிட்டதுபோல் மெல்லிய கரிய வரையொன்று தோன்றும். தாய்மார் பெரிதும் அஞ்சுவது இதற்கே. வாயில் வாழும் சிலவகைப் பற்றீரியாக்கள் உண்டாக்கும் கந்தகச் சேர்வை, உமிழ்நீரிலுள்ள இரும்போடு கூடுவதால் இக்கருமை பிறக்கின்றது. நன்றாகப் பல் துலக்கும் பிள்ளைகளிடத்தும் இது காணப்படும். பல்வைத்தியர் சுரண்டி நீக்கினாலும் சில மாதங்களில் மீண்டும் வரலாம். ஆனால் இவ்வரையுள்ள பிள்ளைகளுக்குப் பற்சொத்தை குறைவாக இருத்தலைப் பல ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். இத்தகைய குழந்தையைக் கடிந்துகொள்வதாற் பயன் யாதுமில்லை.

இனி, கறையேறிய பற்களைக் கண்டதும் யாழ்ப்பாணத்தார் பலர் பழிப்பது கிணற்று நீரையே. குடாநாடு சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்தது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கில்லை. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் நிலத்தடி நீரே. அந்நீரைக் கேத்தலிற் கொதிக்கவைக்க, அடியிலே வெண்படிவு தடித்து நிற்பதை ஒவ்வொரு வீட்டிலும் காணலாம். கேத்தலிற் படிவதே பல்லிலும் படிகின்றது என்று எண்ணுதல் இயல்பே. ஆயினும் பல்லிற் கல்போல் இறுகும் காரை கிணற்றிலிருந்து வருவதன்று. உமிழ்நீரிலுள்ள கல்சியமும் பொசுபேற்றும், துலக்காது எஞ்சிய பற்படலத்தில் இறுகுவதாலேயே அது உண்டாகின்றது. உமிழ்நீர் சுரந்து பாயும் இடங்களாகிய கீழ் முன்பற்களின் உட்புறத்திலும் மேற்கடைவாய்ப் பற்களின் கன்னப்புறத்திலும் அது மிகுந்து காணப்படுவதே அதற்குச் சான்று.

கிணற்று நீராற் பல்லிற் கறை உண்டாவதும் உண்மையே. ஆனால் அதற்குக் காரணம் சுண்ணாம்பன்று, புளோரைட்டு. இதனை உலகம் அறிந்த வரலாறு சுவையானது. 1901ஆம் ஆண்டில் பிரடெரிக் மக்கே என்னும் இளம் பல்வைத்தியர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரிலே தொழில் தொடங்கினார். அவ்வூரிற் பிறந்து வளர்ந்த பலரின் பற்களிற் கபிலக் கறை இருந்தது. எவ்வளவு தேய்த்தும் அது நீங்கவில்லை. பன்றியிறைச்சியை மிகுதியாக உண்பதே காரணம் என்றும் கெட்ட பாலே காரணம் என்றும் ஊரார் கூறினர். மக்கே நீரை ஐயுற்றார். 1923இல் ஐடஹோ மாநிலத்து ஓக்லி என்னும் ஊர்த் தாய்மார், வெந்நீர் ஊற்றொன்றிலிருந்து குழாய்நீர் வந்த பின்னரே தம் பிள்ளைகளுக்குக் கறை தோன்றியது என்றனர். அவ்வூற்றைக் கைவிடுமாறு மக்கே கூறினார். அதன்பின் சில ஆண்டுகளில் முளைத்த இளம் பிள்ளைகளின் பற்கள் கறையின்றி வந்தன. நீரிலிருந்த பொருள் புளோரைட்டே என்பது 1931இல் வெளியாயிற்று. ஊரார் ஒழுக்கத்தின்மேற் சுமத்தப்பட்ட பழி, முப்பது ஆண்டுகளின் பின் நீரின்மேற் சென்றது.

இலங்கையிலே அநுராதபுரம், பொலன்னறுவை, வவுனியா ஆகிய உலர்வலய மாவட்டங்களின் பல பகுதிகளிற் பழைய பளிங்குருப் பாறைகளிலிருந்து புளோரைட்டு நிலத்தடி நீரிற் கரைகின்றது. குடாநாட்டு நீரிலோ கல்சியம் மிகுதி. கல்சியத்தோடு கூடிய புளோரைட்டு நீரில் எளிதிற் கரைவதன்று. ஆதலின் யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் அது பொதுவாக அத்துணை மிகுவதில்லை. அங்ஙனமாயின் யாழ்ப்பாணத்தில் வாழும் ஒருவரின் பல்லில் அக்கறை எங்ஙனம் வந்தது?

விடை மக்களின் இடப்பெயர்விலே இருத்தல் கூடும். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வாசல்களை விட்டுப் பெயர்ந்தனர். அவர்களுட் பலர் வன்னிப் பெருநிலத்திற் பல ஆண்டுகள் வாழ்ந்தனர். நிலைத்த பற்களின் மிளிரி, பிறந்த சில மாதங்களிலிருந்து ஏறத்தாழ எட்டு வயது வரையில் ஈற்றினுள்ளே உருவாகின்றது. அக்காலத்திற் புளோரைட்டு மிகுந்த நீரைக் குடித்த பிள்ளைக்குப் பற்கள் வெண்சுண்ணம்போன்ற கோடுகளோடும் புள்ளிகளோடும் முளைக்கும். கேடு மிகுதியாயின் குழிகள் விழுந்து, நாளடைவிற் கபில நிறம் ஏறும். பின்னர் அக்குடும்பம் சொந்த ஊருக்குத் திரும்பி நன்னீர் குடித்தாலும் பல் மாறுவதில்லை. பிள்ளைப் பருவத்தில் எக்கிணற்று நீர் வாய்த்தது என்பதனைப் பல் எழுதிவைத்துக்கொள்கின்றது. அதனைத் துலக்காமையின் அடையாளம் என்று இகழ்வது, பட்ட துன்பத்தின்மேல் மற்றுமொரு துன்பத்தை ஏற்றுவதாகும்.

இக்கறையை வராமற் காத்தலே எளிது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் புளோரைட்டை மேலெல்லையாக வகுத்துள்ளது. நீரைக் கொதிக்கவைப்பதாற் புளோரைட்டு நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்று மிகவும் கூடும். மழைநீரில் அது பெரும்பாலும் இல்லை. தமிழ்நாட்டிலே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மக்கள் இதனால் நெடுங்காலம் வருந்தியமையால், காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது.

அகக்கறைக்கு வேறு காரணங்களும் உள. கருவுற்ற தாய்க்கோ எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கோ தெத்திராசைக்கிளின் என்னும் மருந்து கொடுக்கப்படின், முளைக்கும் பற்களிற் சாம்பல் நிறம் நிலைத்துவிடும். சைக்கிளிலிருந்து விழுந்து அடிபட்ட ஒரு பல், உள்ளிருக்கும் உயிர்க்கூழ் இறந்தமையாற் பல மாதங்களின் பின் கருமை அடையலாம். கடைவாய்ப் பல்லின் பள்ளத்திலுள்ள கரும்புள்ளி கறையாகவும் இருக்கலாம். சொத்தையின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

இவ்வேறுபாடுகளை அறியாதார் கறை கண்டவிடத்துத் தேய்ப்பதொன்றையே வழியாகக் கொள்கின்றனர். கரித்தூள், செங்கட்டித்தூள், மணல், சாம்பல், உப்பு என்பன ஒவ்வொன்றாக வாய்க்குள் ஏறுகின்றன. கரடுமுரடான தூள் கறையோடு மிளிரியையும் அராவும்; எலுமிச்சஞ்சாறு மிளிரியைக் கரைக்கும். மிளிரி மெலிய மெலிய உள்ளிருக்கும் மஞ்சள் நிறப் பன்முதல் மேலும் தெளிவாகத் தெரியும். வெண்மையை நாடித் தேய்த்தவர் முன்னிலும் மஞ்சளான பல்லையும், குளிர்ந்த நீர் பட்டாற் கூசும் பல்லையும் அடைவர்.

செய்யத்தக்கன எளியனவே. மென்மையான தூரிகையாற் காலையும் இரவும் இரண்டு நிமிடம் மெதுவாகத் துலக்குதல் போதும். தேநீர் அருந்திய பின் வாயை நீராற் கொப்பளித்தல் நன்று. இரும்பு நீர்மருந்தை உறிஞ்சுகுழலால் அருந்தலாம். இறுகிய காரையையும் புறக்கறையையும் பல்வைத்தியர் கருவிகொண்டு நீக்குவார். அங்ஙனம் நீக்கினாற் பல் ஆட்டங்காணும் என்னும் அச்சம் தவறானது. காரையை நீக்காது விடுவதே ஈற்றைக் கெடுத்துப் பல்லை ஆடச் செய்வது. அகக்கறைக்கும் வழியுண்டு. மேற்பரப்பை மிக நுண்ணிதாக அராவுதல், வெளுக்கச் செய்தல், பல்லின் நிறமுடைய பூச்சாலோ மெல்லிய ஓட்டாலோ மறைத்தல் என்பன கறையின் ஆழத்துக்கு ஏற்பக் கையாளப்படுகின்றன.

இறுதியாக, அஞ்சத்தக்க கறை ஒன்றுண்டு. அது வெற்றிலைக் காவி. சுண்ணாம்போடு சேர்ந்த பாக்கின் துவர்ப்புப்பொருள் செந்நிறமாகிப் பல்லிற் படிந்து, ஆண்டுகள் செல்லக் கருமையாகின்றது. திருமண வீட்டிலும் திண்ணையிலும் வெற்றிலைத் தட்டம் மரியாதையின் சின்னமாக இருந்த நாட்டிலே இக்கறையை எவரும் பொருட்படுத்துவதில்லை. கறை உண்மையிற் பல்லுக்குப் பெருங்கேடு செய்வதன்று. கேடு அதன் அருகே, கன்னத்தின் உட்புறத்திலே விளைகின்றது. புகையிலை சேர்ந்த வெற்றிலை மட்டுமன்றிப் பாக்குத் தானும் புற்றுநோய் விளைப்பது என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004இல் வெளியிட்ட நூலிற் கூறியுள்ளது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே. வாயினுள் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், காரம் பட்டால் எரிவு, வாயை முன்போல் அகலத் திறக்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் காலந்தாழ்த்தாது வைத்தியரைக் காணல் வேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவுகளில் இதற்குக் கட்டணமில்லை.

பிள்ளைப் பருவத்து நீரால் வந்த கறையைச் சுமக்கும் இளம் பெண் வாயை மறைத்துக்கொள்கின்றாள். அவளுக்கு நாணுதற்குக் காரணமில்லை. ஐம்பது ஆண்டு வெற்றிலை போட்ட பாட்டனார் கறையேறிய வாயைத் திறந்து நகைக்கின்றார். அவரோ ஒருமுறை தம் வாயைப் பல்வைத்தியருக்குத் திறந்து காட்டுதல் வேண்டும். அவள் மனத்துயர் தீர்வதும் அவர் உயிர் காக்கப்படுவதும் கறையின் பிறப்பை அறிவதனாலேயே ஆகும்.