வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தால் உடனே சென்சாரை மாற்ற வேண்டுமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



தவணை ஏன் தவறியது என்று கேட்கும்போது "வண்டி ரிப்பேர்" என்ற பதில் இப்போது அடிக்கடி வருகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள், பழவேற்காட்டிலிருந்து மீன் எடுத்துப் போய் விற்கிறவர்கள், குழுக் கடனில் குட்டி யானை வாங்கி ஓட்டும் குடும்பங்கள் எல்லோருக்கும் வண்டி நின்றால் அன்றைய வருமானம் போச்சு. அதனால் இன்று வண்டி மீட்டரில் எரியும் அந்த மஞ்சள் என்ஜின் விளக்கைப் பற்றிப் பேசுவோம்.

எந்த வண்டியில் இந்த விளக்கு?

2018-ல் வந்த அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் என்று நம்மில் சிலர் ஸ்கூட்டர் வாங்கினோம். அவை பெரும்பாலும் கார்புரேட்டர் வண்டிகள். அவற்றில் இந்தத் தொல்லை இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 விதி வந்தது. அதன்பின் வந்த பெட்ரோல் ஸ்கூட்டர்களில் பெட்ரோலை அளந்து விடுவது ஒரு சின்ன கம்ப்யூட்டர். அதற்குக் கண்ணும் காதும் சென்சார்கள்தான்.

நம் கேஸ் அடுப்பையே பாருங்கள். காற்று சரியாகக் கலந்தால் நீலமாக எரியும். காற்று குறைந்தால் மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடிக்கும். என்ஜினிலும் அதே கதைதான். புகைக் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், கலவை எப்படி இருக்கிறது என்று வோல்ட் கணக்கில் சொல்லும். பெட்ரோல் அதிகமானால் சுமார் 0.9 வோல்ட், காற்று அதிகமானால் சுமார் 0.1 வோல்ட். ஓடும்போது இது மேலும் கீழும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றுவிட்டால் கம்ப்யூட்டர் ஒரு கோடு எண்ணைக் குறித்துக்கொண்டு விளக்கைப் போடும்.

கோடு எதைச் சொல்கிறது?

இதுதான் இன்று நாம் மனதில் வைக்க வேண்டிய விஷயம். கோடு எந்தப் பக்கம் பார்க்கணும்னு சொல்லும், எந்தப் பொருளை வாங்கணும்னு சொல்லாது. ஸ்கேனரில் பி 0131 என்று வந்தால், ஆக்சிஜன் சென்சார் லைனில் வோல்ட் குறைவு என்று மட்டும்தான் அர்த்தம். பி 0122 என்றால் ஆக்சிலேட்டர் திறப்பைப் பார்க்கும் சென்சார் லைனில் வோல்ட் குறைவு. பி 0562 என்றால் வண்டியின் மொத்த மின்சாரமே குறைவு. வீட்டுக் குழாயில் தண்ணீர் வரலைன்னா உடனே குழாயையா மாத்துவோம்? தொட்டியில் தண்ணீர் இருக்கா, வால்வு திறந்திருக்கான்னுதானே முதலில் பார்ப்போம்!

நம் உறுப்பினர் ஒருவருக்கு மழைக்காலத்தில் விளக்கு எரிந்தது. ஒரு கடையில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். உள்கடன் வாங்கித்தான் பணம் கொடுத்தார். நாலே நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. கடைசியில் பார்த்தால் எலி கடித்த ஒயர்! பழைய சென்சாரில் ஒரு குறையும் இல்லை.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

1. சாவி போட்டதும் விளக்கு எரிந்து சில நொடியில், அல்லது என்ஜின் ஓடியதும், அணைவது இயல்பு. ஓடும்போதும் அணையாமல் இருந்தால்தான் கோளாறு. சில கம்பெனி வண்டியில் விளக்கே கண் சிமிட்டிக் கோடு சொல்லும். நீளச் சிமிட்டல் பத்து, குட்டைச் சிமிட்டல் ஒன்று. இரண்டு நீளம், ஒரு குட்டை என்றால் 21. எண்ணின் அர்த்தம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எண்ணி, தாளில் எழுதி வையுங்கள்.

2. முதலில் பேட்டரி. மல்ட்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து அளங்கள். நின்ற வண்டியில் 12.4-க்கு மேல் இருந்தால் நல்லது. 12-க்குக் கீழ் போனால் சார்ஜ் இல்லை. என்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். முனையில் வெள்ளைப் பூப்போ, தளர்ச்சியோ இருக்கிறதா பாருங்கள்.

3. பிறகு கனெக்டரும் ஒயரும். சாவியை எடுத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். ஈரம், பச்சைக் களிம்பு, எலிக்கடி இருக்கிறதா பாருங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளம் போல் வண்டி நீரில் நின்றிருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். நேராக மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போங்கள்.

4. சைலன்சர் இணைப்பில் புகை கசிந்தாலும் ஆக்சிஜன் சென்சார் தப்பாகச் சொல்லும். சூடு ஆறிய பிறகே கிட்டே போய்ப் பாருங்கள்.

செய்யக் கூடாதவை: சென்சார் ஒயரில் பல்பு வைத்துச் சோதிக்காதீர்கள், கம்ப்யூட்டர் கெட்டுவிடலாம். வாரண்டி உள்ள வண்டியில் ஒயரை வெட்டாதீர்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டி விளக்கை அணைப்பதும் ரிப்பேர் ஆகாது.

மெக்கானிக்கிடம் கேளுங்கள்

"கோடு எண் என்ன?" "சென்சாருக்கு 5 வோல்ட் வருதா, எர்த் சரியா இருக்கான்னு பார்த்தீங்களா?" (ஆக்சிலேட்டர் சென்சாருக்கு இந்தக் கேள்வி பொருந்தும். ஆக்சிஜன் சென்சார் தானே வோல்ட் உண்டாக்குவது.) "பழைய பொருளையும் பில்லையும் கொடுங்க." கூச்சப்பட வேண்டாம், கொடுப்பது நம் பணம். சோதித்த பிறகும் சென்சார்தான் குறை என்றால் தாராளமாக மாற்றுங்கள்.

அப்படியே விட்டால் என்ன?

பெட்ரோல் அதிகம் போனால் மைலேஜ் குறையும். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் இருக்கும் புகை வடிகட்டியைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். அதன் விலையோடு ஒப்பிட்டால் ஒயர் வேலை ஒன்றுமே இல்லை. பி.எஸ்.6 வண்டிக்கு முதல் வருடம் கழித்து ஆண்டுதோறும் புகைச் சான்று வேண்டும். சான்று இல்லாவிட்டால் 2019 சட்டத் திருத்தப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பக்கத்து மணலியை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-லேயே கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளில் ஒன்றாகப் பட்டியலிட்டது. ஆலைப் புகை போதாதென்று நம் வண்டிப் புகையும் சேர வேண்டுமா?

எனவே ஒரு யோசனை. மல்ட்டிமீட்டர் சில நூறு ரூபாய்தான். கூட்டமைப்புக்கு ஒன்று வாங்குவோம். குழுவுக்கு ஒருவர் அளக்கப் பழகட்டும். ரிப்பேருக்கு உள்கடன் கேட்டு வரும் உறுப்பினரிடம் கோடு எண்ணையும் பேட்டரி வோல்ட்டையும் தீர்மான நோட்டில் எழுதச் சொல்வோம். தேவையில்லாத செலவு எது என்று ஆறு மாதத்தில் நம் நோட்டே சொல்லிவிடும். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைப்போம், உங்கள் கருத்தோடு வாருங்கள்.