திரையில் ‘லட்சுமி’, மலையில் லேண்ட் ரோவர்

1964-இல் வந்த ‘கோல்டுஃபிங்கர்’ படத்தில் ஜேம்ஸ் பாண்ட் ஓட்டிய ஆஸ்டன் மார்ட்டின் காரை உலகம் இன்னும் மறக்கவில்லை. அதில் துப்பாக்கி உண்டு. ஆளைத் தூக்கி வெளியே எறியும் இருக்கையும் உண்டு. அது வியக்க வைத்த கார்.

தமிழ் ரசிகர்கள் மனத்தில் நின்ற காரோ வேறு. 1985-இல் வெளிவந்த ‘படிக்காதவன்’ படத்தில் ரஜினிகாந்த் ஓட்டிய டாக்சி அது. பெயர் ‘லட்சுமி’. தம்பியைப் படிக்க வைக்க உழைக்கும் அண்ணனுக்குச் சோறு போட்ட வண்டி, குடும்பத்தில் ஒருத்தி போலவே ஆகிவிட்டது. கூட உழைத்த வண்டி என்பதால் வந்த பாசம் அது.

இந்தப் பாசம் கேமரன் மலைக்குப் புதிதல்ல. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்ட இம்மலையில், செங்குத்தான மண்பாதைகளில் காய்கறியையும் உரத்தையும் ஆட்களையும் சுமந்தவை லேண்ட் ரோவர்கள். 1948-இல் அறிமுகமான இவ்வண்டிக்கு உடல் அலுமினியக் கலவை; மழையில் எளிதில் துருப்பிடிக்காது. நான்கு சக்கரங்களும் இழுப்பதால் சேற்றிலும் ஏறும். 1966-இல் வந்த ‘பார்ன் ஃப்ரீ’ படத்தில், எல்சா என்ற சிங்கத்தின் கதையில், ஆப்பிரிக்கக் காட்டில் ஓடியதும் இதே லேண்ட் ரோவர்தான்.

அதன் வழிவந்த பழைய டிஃபெண்டரின் உற்பத்தி 2016 ஜனவரியில் பிரிட்டனில் நின்றது. மலைவாசிகளோ பழைய வண்டிகளைப் பழுதுபார்த்து ஓட்டுகிறார்கள். சுற்றுலாப் பயணிகள் அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கட்டும். ஆனால் வண்டியை நினைவில் வைத்து, அதில் மூட்டையோடு மூட்டையாக ஏறி இறங்கிய தோட்டப் பாட்டாளியை மறந்தால் அது நன்றியாகாது. அவர் கதையும் திரையேற வேண்டும்.