நீர்க்கடுப்பு: அடக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)

ஆரோவில் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் மரக்காணம் உப்பளத்திலிருந்தும் வந்திருக்கும் சகோதரிகளே, சேமிப்பு, கடன் பற்றி மாதாமாதம் பேசுகிறோம். இன்று, சொல்லக் கூச்சப்படுகிற ஒரு விஷயத்தைப் பேசுவோம்.

உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு அக்கா நம்மிடம் சொன்னாங்க: "அங்க ஒதுங்க ஒரு மறைவு கிடையாதும்மா. அதனால விடியக்காலையில ஒரு டம்ளர் டீயோட சரி, வேலை முடியிற வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்ல." அடிக்கடி நீர்க்கடுப்பு வந்தது. சூடு என்று வெந்தயம் சாப்பிட்டாங்க. கடைசியில் குளிர்காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தாங்க. குழுவில் வாங்கிய கடன் அதற்கே போய்விட்டது.

தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து எரியும், உண்மைதான். ஆனால் நோய்க்குக் காரணம் கிருமி. நம் குடலில் இருக்கும் ஈ.கோலை கிருமிதான் பெரும்பாலும் சிறுநீர்ப் பாதையில் ஏறுகிறது. பெண்களுக்கு அந்தப் பாதை சுமார் 4 சென்டிமீட்டர்தான். மலத்துவாரமும் பக்கத்திலேயே இருக்கிறது. அடிக்கடி சிறுநீர் போனால் கிருமி வெளியேறும். அடக்கினால் உள்ளேயே பெருகும்.

கர்ப்பிணிகள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், மாதவிடாய் நின்றவர்கள், சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். தாம்பத்திய உறவுக்குப் பிறகும் வரலாம். அது யார் நடத்தையிலும் குற்றமில்லை. உறவுக்குப் பின் சிறுநீர் கழிப்பது நல்லது. எப்போதும் முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். மாதவிடாய்த் துணியை வெயிலில் காயவைத்து, அடிக்கடி மாற்றுங்கள்.

எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வு, அடிவயிற்று வலி இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையம் போய் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். மருத்துவர் சொன்ன நாள்வரை மாத்திரையைச் சாப்பிடுங்கள். வலி நின்றதும் நிறுத்தாதீர்கள். குளிர்காய்ச்சல், விலாவலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம் வந்தால் அன்றே போக வேண்டும். சிறுநீரகத்தில் கிருமி ஏறியிருக்கலாம். கர்ப்பிணிகள் லேசான எரிச்சலுக்கே போகவேண்டும்.

தமிழ்நாட்டு உப்பளங்களில் 2017 முதல் 2020 வரை 352 தொழிலாளர்களை ஆராய்ந்தபோது, 100-க்கு 7 பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. வெயிலும் தண்ணீர் குடிக்காததும் சேர்ந்து இதற்குக் காரணமாக இருக்கலாம்.

"தண்ணி குடிங்க" என்று சொல்வது சுலபம். குடித்தால் எங்கே போவது? அதற்குப் பதில் கிடைக்காமல் இந்த நோய் தீராது. வேலை இடத்தில் கழிப்பறை, குடிநீர், நிழல் கேட்டு ஒவ்வொரு குழுவும் தீர்மானம் எழுதுங்கள். உப்பள உரிமையாளரிடமும் கிராம சபையிலும் சேர்ந்தே போய்க் கொடுப்போம். தனியாகக் கேட்கத்தான் கூச்சம். குழுவாகக் கேட்க என்ன கூச்சம்?